டிசம்பர் 26ஐ மறந்த நத்தார் மடல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து ஆலயங்களில் நத்தார் (கிறிஸ்மஸ்) மடல் செய்யும் வேலை தொடங்கும் காலம் இது. பிள்ளைகள் ஆசையோடு செய்கிறார்கள். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே வாசகம் போவது எங்களுக்குக் கவலையாக இருக்கிறது.

நம் கரையோரத்தில் நத்தாருக்கு மறுநாள் சுனாமி நினைவு நாள். 2004 டிசம்பர் 26இல் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயின் கைக்கு ‘மகிழ்ச்சி பொங்கட்டும்’ என்ற மடல் போய்ச் சேருகிறது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் உறவுகளை இழந்த வீடுகளுக்கோ வருடத்தில் இரண்டு நாள் கனக்கும். உயிர்த்த ஞாயிறு ஆண்டுக்காண்டு மாறும். ஏப்ரல் 21 மாறாது.

இந்த வீடுகளுக்குக் கட்டாயம் மடல் போகவேண்டும். அதில் இறந்தவரின் பெயரை எழுதுங்கள். பெயரைக் கண்டால் அழுவார்களே என்று பலர் தவிர்க்கிறார்கள். அந்தப் பெயரை ஊரே மறந்துவிட்டதோ என்று ஏங்குகிறவர்களுக்கு அதை எழுத்தில் காண்பதே பெரிய ஆறுதல். மரண வீட்டுக்கு உடனே மடல் அனுப்பவும் தேவையில்லை. முப்பத்தோராம் நாள் கழிந்து, வந்த சனம் கலைந்து, வீடு வெறிச்சோடிய பிறகு வரும் மடலைத்தான் திரும்பத் திரும்ப எடுத்து வாசிப்பார்கள்.

வேதாகம வசனத் தெரிவில்தான் அதிகம் பிழை நடக்கிறது. ரோமர் 8:28ஐத் துக்க வீட்டுக்கு எழுதாதீர்கள். எல்லாம் நன்மைக்கே என்று வாசிக்கும் தகப்பனுக்கு, ‘என் பிள்ளை போனதுமா?’ என்று நெஞ்சு கேட்கும். அதே நிருபத்தில் 12:15 அழுகிறவர்களோடு அழச் சொல்கிறது. நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபம் என்னும் சங்கீதம் 34:18ம் பொருந்தும். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு எல்லோரும் எழுதும், நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11, பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போன கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்திய வசனம், அவர்கள் எழுபது வருடம் காத்திருக்கவேண்டும் என்கிறது. ஆகவே அது நீண்ட காத்திருப்புக்கான வசனம். நீண்ட நோயில் கிடப்பவருக்கும், தூர தேசத்து மகனுக்காக வாசலைப் பார்த்திருக்கும் தாய்க்கும் அந்த வசனத்தை எழுதலாம்.

கத்தோலிக்க வீட்டுக்குப் போகும் மடலில் சங்கீதத்தைத் திருப்பாடல் என்றும், கர்த்தரை ஆண்டவர் என்றும் எழுதுவதே முறை. மெதடிஸ்த முதியவர் மனப்பாடமாய் வைத்திருப்பது வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு. அவருக்கு 1995இன் பொது மொழிபெயர்ப்பில் எழுதினால் பழகிய வசனமும் அந்நியமாகத் தெரியும். எழுத்தும் பெரிதாக இருக்கட்டும்.

செய்முறைக்கு வருவோம். 210 முதல் 250 ஜீஎஸ்எம் (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்னும் தாள் எடை) பிரிஸ்டல் போட் என்னும் தடித்த தாள் போதும். ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக வெட்டி மடித்தால் இரண்டு மடல்கள்; 114க்கு 162 மில்லிமீற்றர் உறைக்குள் தாராளமாக நுழையும். வெட்டுமுன் தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்தப் பக்கமாகவே மடிப்பு வரவேண்டும். மை தீர்ந்த குமிழ்முனைப் பேனையால், அடிமட்டம் பிடித்து, மடிப்புக் கோட்டை அழுத்திக் கீறிய பிறகு மடியுங்கள். இல்லாவிட்டால் மடிப்பு வெடித்து நார் பிரியும்.

நம்மூர் மாரி மழை இந்த வேலைக்குப் பகை. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருப்பதால் தாள் அலையலையாய் நெளியும். இருபக்க டேப் நல்லது. பளபளப்பான போட் மையை உறிஞ்சாது; அதில் ஜெல் பேனையால் எழுதினால் கை பட்டதும் இழுபடும். உறைகளின் பசை விளிம்பு ஈரக்காற்றிலேயே ஒட்டிக்கொள்ளும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வையுங்கள். மினுமினுப்புத் தூள் தூவிய மடல் ஆஸ்பத்திரிக்கு வேண்டவே வேண்டாம். தூள் படுக்கையிலும் காயக்கட்டிலும் கொட்டும்.

அச்சகத்துக்குக் கொடுப்பவர்கள் கோப்பைப் பீடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டியதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வசனம் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். மாதிரிப் பிரதி ஒன்றை வேதாகமத்தோடு வைத்துச் சத்தமாக வாசித்துப் பார்த்த பின்பே மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள். விடுபட்ட ஒரு புள்ளி நூறு மடலிலும் விடுபடும்.

1843இல் இலண்டனில் ஹென்றி கோல் அச்சிடுவித்த நத்தார் மடலின் நடுவே ஒரு குடும்பம் விருந்துண்கிறது. இரு ஓரங்களிலும் பசித்தவருக்கு உணவும் ஆடையற்றவருக்கு ஆடையும் கொடுக்கும் படங்கள். நடுப்படம் மட்டுமே நம் மடல்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த நத்தாருக்கு ஐம்பது மடல் செய்கிற ஆலயம் பத்தை வாசகம் எழுதாமல் துக்க வீடுகளுக்கென்று எடுத்து வைக்கட்டும். ஒரு கொப்பியில் இறந்தவரின் பெயரும் நினைவு நாள் திகதியும் குறித்து, அந்த நாளுக்கு ஒரு வாரம் முந்தித் தபாலில் சேர்க்கலாம்; மாரியில் இரண்டு வாரம் முந்தியே சேர்க்கவேண்டும். ஆஸ்பத்திரி வாட்டில் இருப்பவருக்குத் தபால் சரிவராது. மடல் வருமுன் அவர் வீடு திரும்பியிருப்பார். நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் போய்க் கையிலேயே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்கள் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.