மூட்டு நீர் எடுப்பதைத் தடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கால் பெருவிரலோ முழங்காலோ ராத்திரியோடு ராத்திரியாக வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் நம் ஊர்ப் பக்கம் முதலில் ஓடுவது லேபுக்குத்தான். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடியிருந்தால் கவுட் (யூரிக் ஆசிட் படிகமாகி மூட்டில் தங்குவதால் வரும் வாத நோய்), இல்லாவிட்டால் இல்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால் மட்டும் வீடே பதறுகிறது. 'நீரை எடுத்தால் மூட்டு காய்ந்துவிடும், அப்புறம் கால் மடங்காது' என்று பெரியவர்கள் தடுப்பதை, லேப் வேலையில் இருந்த காலத்தில் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

மூட்டு அப்படிக் காய்ந்து போகாது. உள்சவ்வு அந்த நீரைத் திரும்பச் சுரந்துகொள்ளும். வீங்கிய முழங்காலில் நீரை இறக்கியதும் பலருக்கு வலியே குறையும். தோலை மருந்தால் நன்றாகத் துடைத்து, புது ஊசியால் எடுத்தால் கிருமி உள்ளே போவது பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு நடந்தால் அதிகம். மேல்தோலில் புண்ணோ கிருமித்தொற்றோ இருந்தால் அந்த வழியாகக் குத்தக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் சரியான அளவிலேயே இருக்கலாம். அளவு கூடியும் ஆயுசுக்கும் கவுட் வராதவர்கள் நிறைய. மூட்டு நீரில் ஊசி ஊசியாக யூரேட் (யூரிக் ஆசிட்டின் உப்பு) படிகம் தெரிந்தால்தான் உறுதி; ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் ஃபில்டர் பொருத்திய போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்து அதைக் கண்டறியும் முறை 1961-லேயே வந்துவிட்டது.

எனக்குப் பெரிய கவலை வேறு. மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் இதே வீக்கம், இதே சிவப்பு, இதே வலிதான். கவுட் என்று நினைத்து வலி மாத்திரையோடு இருந்துவிட்டால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அரித்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு என்பதால், படிகம் தெரிந்தாலும் கல்ச்சருக்கும் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) அனுப்புவதே நல்லது.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற தாலுகா ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனையை அன்றைக்கே செய்து தர வசதி வேண்டும். சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே இரண்டு போலரைசிங் ஃபில்டர் பொருத்திப் படிகத்தைப் பார்க்க முடியும், பெரிய செலவில்லை. சுகாதாரத் துறை இதைக் கவனிக்க வேண்டும். ஊசியை எடுக்கும் முன் எதற்காக என்று நோயாளியின் வீட்டாரிடம் இரண்டு நிமிடம் பேசும்படி டாக்டர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
மேலூர், மதுரை மாவட்டம்.