பிரவுசரின் பெயரைப் பார்த்து எங்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்

இராமநாதபுரம் கடலோர மக்களுக்கான இணையப் படிவங்களை அமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

ஏப்ரல் 15 பிறந்தால் ஜூன் 14 வரை, 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நிவாரணம், படகுப் பதிவு, பிள்ளைகளுக்கான சான்றிதழ் என்று தள்ளிப்போட்ட விண்ணப்பங்களையெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் அப்போதுதான் கையில் எடுப்பார்கள். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் அவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஒரு தளம் முதல் பக்கத்திலேயே "உங்கள் பிரவுசர் இந்தச் சேவைக்கு ஏற்றதல்ல" என்று சொல்லி வாசலை அடைத்துவிடுகிறது. இன்னொரு தளம் உள்ளே விடுகிறது. ஆனால் கடலாடி வட்டத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு கிராமப் பட்டியல் காலியாகவே நிற்கிறது. மூக்கையூரும் இல்லை, வாலிநோக்கமும் இல்லை. கிராமம் நிரம்பாததால் சமர்ப்பிக்கும் பட்டனும் அசைவதில்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. வந்திருக்கும் பிரவுசரில் ஸ்கிரிப்ட், அதாவது பக்கத்தோடு வந்து பிரவுசருக்குள்ளேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், ஓடுமா என்பதைச் சர்வர் (பக்கத்தை அனுப்பும் உங்கள் கணினி) முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும் என்று நம்பி இந்தப் பக்கங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. அது முடியாது. முதல் கோரிக்கையோடு பிரவுசர் அனுப்புவது தன் பெயர், பதிப்பு, ஏற்கும் மொழி, ஏற்கும் கோப்பு வகை போன்ற சில வரிகளைத்தான். ஜாவாஸ்கிரிப்ட் இயங்குகிறதா, அணைக்கப்பட்டிருக்கிறதா என்று அவற்றில் ஒரு சொல்லும் இருக்காது. பெயரை வைத்து ஊகித்தால், ஸ்கிரிப்ட் நன்றாக ஓடும் பழைய போன் வெளியே தள்ளப்படுகிறது. ஸ்கிரிப்ட் கோப்பு வந்தே சேராத புதுப் போன் உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது.

பக்கத்தை அனுப்பிய பிறகு கண்டறிய வழிகள் உண்டு. ஸ்கிரிப்ட் ஒரு குக்கீயை, அதாவது பிரவுசரில் சேமித்து வைக்கும் சிறு குறிப்பை, எழுதினால் அடுத்த கோரிக்கையில் அது சர்வருக்கு வரும். அதைவிட நல்லது, படிவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் மறைவாக ஒரு புலம் (தகவல் வைக்கும் கட்டம்) வைப்பது. சர்வர் அதில் 0 என்று எழுதி அனுப்பும். ஸ்கிரிப்ட் ஓடினால் 1 என்று மாற்றும். படிவம் திரும்பி வரும்போது, அந்தப் பக்கத்தில் அந்த நேரத்தில் ஸ்கிரிப்ட் ஓடியதா என்பது தெரிந்துவிடும். ஆனால் குக்கீ பழைய செய்தியைத்தான் சொல்லும். காலையில் வீட்டில் எழுதப்பட்ட குக்கீ, மாலையில் மீன் இறங்குதளத்தில் ஸ்கிரிப்ட் கோப்பு பாதியில் நின்றுபோனதைச் சொல்லாது. எங்கள் கரையில் சிக்னல் வரும், போகும். தனுஷ்கோடிப் பக்கம் நின்றால் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

ஸ்கிரிப்ட் இல்லாதவர்களுக்கு மாற்றுச் செய்தி காட்ட நோஸ்கிரிப்ட் (noscript) குறி இருக்கிறதே என்பீர்கள். ஸ்கிரிப்ட் அணைக்கப்பட்டிருந்தால்தான் அதற்குள் இருப்பது தெரியும். ஸ்கிரிப்ட் அனுமதிக்கப்பட்டு, கோப்பு மட்டும் வராமல் போனால் அது வாய் திறக்காது. இது அரிதான நிலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2013-இல் இதை அளந்து பார்த்தது. ஜாவாஸ்கிரிப்டின் பயன் கிடைக்காதவர்கள் 1.1 சதவீதம். அதை அணைத்து வைத்திருந்தவர்களும், அதற்கு வசதியில்லாத பிரவுசர் வைத்திருந்தவர்களும் 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதத்தினரின் பிரவுசரில் ஸ்கிரிப்ட் ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. பிரவுசரின் பெயரைப் பார்த்து இவர்களை யாரால் கண்டுபிடிக்க முடியும்?

ஆகவே நான் கேட்பது இது: யார் வந்தாலும் ஸ்கிரிப்ட் இல்லாமலே இயங்கும் படிவத்தை முதலில் அனுப்புங்கள். வட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் 'அடுத்து' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் கிராமப் பட்டியலோடு அடுத்த பக்கத்தைச் சர்வர் தரட்டும். ஸ்கிரிப்ட் வந்து சேர்ந்தால் அதே பக்கத்திலேயே பட்டியலை நிரப்பட்டும். விரைவாக முடிந்தால் எங்களுக்கும் மகிழ்ச்சியே. புகைப்படம் இணைக்கவும் சாதாரணப் படிவமே போதும். ஜாவாஸ்கிரிப்ட் 1995-இல் வந்தது. அதற்கு முன்பே இணையப் படிவங்கள் சர்வருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.

வேலை இரட்டிப்பாகும் என்ற பதிலை ஏற்க எனக்கு மனமில்லை. ஸ்கிரிப்ட் செய்யும் சரிபார்ப்பை யாரும் தாண்டிவிடலாம் என்பதால், ஆதார் எண்ணில் 12 இலக்கம் இருக்கிறதா என்பதைச் சர்வரிலும் நீங்கள் சோதித்தே ஆக வேண்டும். அந்தச் சோதனையில் தெரியும் பிழையைப் படிவத்தோடு சேர்த்துத் தமிழில் திருப்பி அனுப்புங்கள், நிரப்பியதை அழித்துவிடாதீர்கள். அலை உயரம் நகரும் வரைபடத்துக்கு ஸ்கிரிப்ட் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். காற்று எச்சரிக்கையை நான்கு வரியில் சொல்வதற்கு எதற்கு?

மறைவான புலத்தையும் வையுங்கள், ஆனால் கணக்கெடுக்க மட்டும். எத்தனை படிவங்கள் 0 என்று வந்தன என்பதை மாதந்தோறும் பாருங்கள். யாரையும் தடுக்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்த தடைக்காலத்துக்கு முன்பு உங்களில் இருவராவது பாம்பனுக்கு வாருங்கள். போனில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு, உங்கள் படிவத்தை முதல் பக்கத்திலிருந்து ஒப்புகை எண் வரை நிரப்பிப் பாருங்கள். நின்றுபோகும் இடங்களை அங்கேயே குறித்துக்கொள்ளலாம். கூட இருந்து உதவ நான் தயார்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து, படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவன்