கறுப்பு வண்டிக்கு என்ன பூசுவது

கோயம்புத்தூர்

அன்புள்ள மலருக்கு,

புதுக் கார் டெலிவரிக்கு முன்னால் பெயின்ட் மேல் டெஃப்ளான் பூச்சு போடவா, செராமிக் பூச்சு போடவா என்று ஷோரூமில் நச்சரிப்பதாக எழுதியிருந்தாய். ரெண்டும் வேண்டாம், கழுவக்கூட வேண்டாம், தூசியோடு அப்படியே கொடுங்கள் என்று சொல்லிவிடு கண்ணு. அங்கே அவசரத்தில் ஒரே துணியால் பத்து வண்டி துடைப்பார்கள். புது வண்டியில் வெயில் பட்டதும் சிலந்திவலை மாதிரி கோடு தெரிவது அதனால்தான். டெஃப்ளான் ஒரு பரப்பில் உருகிப் பிடிக்க 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். தோசைக்கல்லுக்கு அது சரி, கார் கதவுக்கு முடியுமா? அந்தப் பெயரில் தேய்ப்பது பெரும்பாலும் பாலிஷும், பெயின்டை மூடிக் காக்கும் சீலன்ட் என்கிற பூச்சும்தான்.

நாம் காப்பாற்றப் பார்ப்பது கறுப்பு நிறத்தை அல்ல, அதன்மேல் இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டை. கம்பெனி பெயின்டில் அது ஏறத்தாழ 40 மைக்ரான். தலைமுடியை விட மெல்லிசு. மெஷின் பாலிஷ் போட்டால் அதிலேயே கொஞ்சம் சீவிக்கொண்டு போகும், திரும்ப வளராது. ஆறு மாசத்துக்கு ஒரு பாலிஷ் இலவசம் என்று பேக்கேஜ் காட்டினால் கையெழுத்துப் போடாதே.

செராமிக் காய்ந்தபின் ஒன்றிரண்டு மைக்ரான் நின்றால் அதிகம். '9ஹெச்' என்று பெருமையாகச் சொல்வது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல்லையோ சாவிக் கீறலையோ அது நிறுத்தாது. அழுக்கு ஒட்டாமல் கழுவ லேசாக இருக்கும், பறவை எச்சத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். அது நிஜமான லாபம்தான். ஆனால் உன் வேளச்சேரி அபார்ட்மென்டில் போர் தண்ணீர். செராமிக் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், ஒவ்வொரு முத்தும் காய்ந்து சுண்ணாம்பு வட்டமாகும். கறுப்பில் அதை மறைக்க வழியே இல்லை. வாட்ச்மேன் காலையில் உலர்ந்த துணியால் தட்டித் துடைக்கிற வரைக்கும் அந்தப் பணம் வீண்.

கல்லடியைத் தடுப்பது பிபிஎஃப் ஃபிலிம் ஒன்றுதான், பெயின்ட் மேல் ஒட்டுகிற நிறமில்லாத பிளாஸ்டிக் தாள். அது 150 முதல் 200 மைக்ரான் தடிமன். மாசம் ஒருமுறை லாரிகளுக்குப் பின்னாலேயே பெங்களூருக்குப் போகிறாய், அதனால் முன் பம்பர், பானெட், சைடு மிரர், கதவுக் கைப்பிடிக்குள் நகம் படும் குழி, இவ்வளவுக்கு மட்டும் ஒட்டு. முழு வண்டிக்கும் ஒட்டுகிற காசில் டயர் நாலும் மாற்றிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். கடையில் ரெண்டு கேள்வி கேள். ஃபிலிம் டிபியூ என்கிற ரப்பர் மாதிரி இழுபடும் பிளாஸ்டிக்கா? பிவிசி பிளாஸ்டிக் என்றால் வெயிலில் சீக்கிரமே மஞ்சளாகும். அளவுக்கு மெஷினில் வெட்டி வருமா, வண்டிமேல் வைத்தே பிளேடு போடுவார்களா? பிளேடு பெயின்டில் இறங்கிய கோட்டில் பின்னால் துரு பிடிக்கும்.

மீதி இடத்துக்கு சிந்தெடிக் சீலன்ட் போதும், நாலைந்து மாசம் நிற்கும். கார்னாபா என்கிற பனையிலை மெழுகு நம் வெயிலில் ரெண்டு மாசத்தைத் தாண்டாது. சீலன்ட்டை நீயே போடலாம். நிழலில் நிறுத்தி, பானெட் கைக்குச் சூடில்லாதபோது ஷாம்பூ போட்டுக் கழுவு. உள்ளங்கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டித் தடவிப் பார். சொரசொரப்பு இருக்கும் இடத்தில் மட்டும் கிளே, அதாவது ஒட்டிய அழுக்கைப் பிடித்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி. ஷாம்பூ தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டு. கிளே கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடு, ஒரு மணல் துகள் போதும் கோடு கிழிக்க. மறுபடி கழுவித் துடைத்தபின் சீலன்ட்டை ஒரு பானெட்டுக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவே எடு. கெட்டியாகப் பூசினால் கூடுதலாக ஒன்றும் நிற்காது, துடைக்கத்தான் கை வலிக்கும்.

கழுவ ரெண்டு பக்கெட் வை: ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் துணியை அலசத் தண்ணீர். கூரையிலிருந்து கீழே வா. சக்கரத்துக்குத் தனித் துணி. கடைசி அலசலுக்கு ஒரு கேன் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி உடனே மைக்ரோஃபைபரால் ஒற்றியெடு. சுண்ணாம்பு வட்டம் விழுந்துவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு நிமிஷம் ஒற்றிவைத்துக் கழுவிவிடு. காக்கா எச்சத்தைச் சுரண்டாதே, ஈரத்துணி போட்டு அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு அப்படியே தூக்கு. துணி கவரும் வேண்டாம். காற்றில் அது ஆட ஆட, அடியில் இருக்கும் தூசி உப்புத்தாள் வேலை செய்யும்.

ஃபிலிம் ஒட்டியபின் ஒரு வாரம் கழுவாதே. உள்ளே சின்னச் சின்ன நீர்க்குமிழி தெரியும். ஊசியால் குத்திவிடாதே கண்ணு, வெயிலில் தானே வற்றிவிடும்.

அன்புடன்,
அப்பா