பாப்பாவுக்கு, பெட்டியோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நலந்தானே. போன வாரம் நான்கு தடவை போன் அடித்தேன். ஆபீஸ் நேரத்தில் எதற்குத் தொந்தரவு என்று அம்மா திட்டினாள். ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிட்டாய், சரி. ஆனால் எதைக் கேட்டாலும் "நல்லாருக்கோம்பா" என்று ஒரே பதில். எனக்கும் போனில் பேச வராது. கேட்க நினைத்ததை விட்டுவிட்டுக் கத்தரிக்காய் விலை கேட்பேன். அதனால்தான் எழுதிப் பெட்டிக்குள் வைக்கிறேன். அடுத்த தெருத் தம்பியின் வண்டி தினமும் மேடவாக்கம் பக்கம் காய்கறி ஏற்றிப் போகிறது. அவர் கொண்டுவந்து இறக்குவார். வாடகை கொடுத்தாகிவிட்டது. ஒரு டீ போட்டுக் கொடு, போதும்.

பெட்டியைத் திறந்ததும், அப்பா மறுபடியும் காயலான் கடையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று சிரிப்பாய். சிரி. ஐப்பசி பிறந்துவிட்டது, நீ கீழ் வீட்டுக்கு மாறி மூன்று மாதம் ஆகிறது. பள்ளிக்கரணையில் கீழ் வீடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது உங்கள் தெருவில் கார்கள் மிதந்ததை நீதான் இரண்டாவது மாடியிலிருந்து வீடியோ எடுத்து அனுப்பினாய். அது என் போனில் இன்னும் இருக்கிறது. சதுப்பு நிலம் தண்ணீர் நிற்கிற இடம், அது தன் வேலையைச் செய்கிறது. மாடிப்படி ஏற சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அதனால் கீழ் வீடு என்றாய். அவர்கள் வைகாசியிலேயே ஊருக்குப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருவார்களாக இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆனால் பல்லாவரம் சந்தைக்குப் போய்விடுகிறேன், உனக்குத்தான் தெரியுமே. முன்பு மாட்டுச் சந்தையாக இருந்ததாம். இப்போது புறாவும் ரோஜாச் செடியும் ஒரு பக்கம், தரையில் சாக்கை விரித்துப் பழைய சாமான் ஒரு பக்கம். புதுக்கடையில் இந்தச் சாமானையெல்லாம் வாங்கினால் மூன்று மடங்கு ஆகும். அதோடு புதிது என்று வருகிற டார்ச் எல்லாம் பொம்மை போல இருக்கிறது. நாற்பது வருடம் ஃபிட்டராக வேலை பார்த்தவனுக்குப் பழைய சாமானில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று தெரியாதா?

டார்ச் இரண்டு வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பார்த்துத்தான் வாங்கினேன். பழைய செல் கசிந்து பச்சை பூத்திருந்தால் அந்த டார்ச்சை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதே. நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: செல்லை உள்ளே போட்டு வைக்காதே. கவரில் கட்டி டார்ச்சின் கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டு வை. எமர்ஜென்சி விளக்கு 120 ரூபாய்க்குக் கிடைத்தது, எரியாத நிலையில். விற்றவன் ரிப்பேர் என்று நினைத்திருக்கிறான். 6 வோல்ட் பேட்டரி மட்டும்தான் செத்திருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். விளக்கைப் பழையதாக வாங்கலாம், அதற்குள் இருக்கும் பேட்டரியைப் பழையதாக நம்பக் கூடாது. மாதம் ஒரு தடவை சார்ஜ் போடு.

டிரான்சிஸ்டர் ஒன்று. சந்தைக்குப் போகும்போதே சட்டைப்பையில் இரண்டு செல் எடுத்துப் போவேன், அங்கேயே போட்டுக் கேட்டுவிட்டுத்தான் காசு. மீடியம் வேவில் 720-இல் சென்னை வானொலி எடுக்கும், எஃப்எம்மில் 101.4. சின்னவன் இது என்ன என்று கேட்பான். 2015 வெள்ளத்தில் செல்போன் கோபுரமெல்லாம் படுத்துவிட்டபோது எதிர் வீட்டு மாடியில் இந்த மாதிரிப் பெட்டி ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது என்று சொல்.

தார்ப்பாயை வெயிலில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன். நட்சத்திரம் மாதிரி ஓட்டை தெரிந்தால் வேண்டாம். இதில் ஒன்றே ஒன்று இருந்தது, ட்யூப் ஒட்டு போட்டு அடைத்துவிட்டேன். கயிறு நைலான், முப்பது அடி. முறுக்கைப் பிரித்து உள்ளே பார்த்தேன், தூள் கொட்டவில்லை. லாரி ட்யூப் ஒன்று காற்றிறக்கி மடித்து வைத்திருக்கிறேன். தொட்டியில் அமுக்கிப் பார்த்தாயிற்று, குமிழி வரவில்லை. அது சாமான் தள்ளிக்கொண்டு போகத்தான். ஓடுகிற தண்ணீரில் அதை நம்பி யாரும் இறங்கக் கூடாது. சின்னவனிடம் கொடுக்காதே.

பெரிய வாய் வைத்த மிட்டாய் ஜாடி இரண்டும் பழைய பிளாஸ்டிக் கடையில் எடுத்தது. ஆதார், ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம், சின்னவன் பிறப்புச் சான்றிதழ், பத்திரம் எல்லாம் ஒன்றில். மருந்து, உப்பு சர்க்கரைப் பொட்டலம் இன்னொன்றில். மூடிக்கு அடியில் சைக்கிள் ட்யூப் வெட்டி வளையம் போட்டிருக்கிறேன், தண்ணீர் போகாது. நகை ரசீதும் அதிலேயே வை. எந்த ரசீதாக இருந்தாலும் சரி.

தண்ணீர் கேன் மட்டும் பழையது வாங்கவில்லை. அங்கே நீல நிறத்தில் அடுக்கி வைத்திருக்கிறான், உள்ளே முன்பு ஆசிட் இருந்ததோ பூச்சி மருந்து இருந்ததோ யாருக்குத் தெரியும். எவ்வளவு கழுவினாலும் போகாது. கேஸ் ட்யூப், ஹெல்மெட், மிதவை ஜாக்கெட் இதுவும் பழையதில் கூடாது. ஒரு மிதவை ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன், வார் கையோடு பிய்ந்து வந்தது. பம்ப் ஸ்டவ் அருமையாக ஒன்று இருந்தது, பித்தளை. வாஷரை மாற்றித் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டால் இன்னும் இருபது வருடம் ஓடும். ஆனால் மண்ணெண்ணெய்க்கு இன்றைக்கு எங்கே போவது? மனசில்லாமல் வைத்துவிட்டு வந்தேன்.

தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு யோசிக்காதே. முதல் படி நனைந்ததும் மெயின் சுவிட்சை அணை, ஜாடியையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு மேலே போ. ஃபிரிட்ஜ் போனால் போகட்டும். மாநகராட்சிக்கு 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டு, போனில் மட்டும் வைக்காதே.

நீ இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் செய்வாய். 2015-இல் நீயும் மாப்பிள்ளையும் நான்காம் நாள் இடுப்புத் தண்ணீரில் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வரை நடந்து வந்தீர்களே, தலையில் பால் பவுடரும் பிரெட்டும் வைத்துக்கொண்டு. எதிர் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார், உங்கள் மாப்பிள்ளை மாதிரி மனுஷன் கிடைக்க மாட்டார் என்று. உண்மை. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, எப்போதும் இருக்காது. அதை அவரிடம் சொல்லு. அவ்வளவு தண்ணீரில் எங்களைத் தேடி வந்தவள், இப்போது நடுவில் ஒரு வறண்ட ரோடுதான் இருக்கிறது, ஆறு மாதமாக வரவில்லை. தீபாவளிக்கும் முடியாது என்கிறாய். சரி, அதை விடு.

பெட்டியின் அடியில் துணி சுற்றி ஒரு தூக்கு இருக்கிறது. எவர்சில்வர், மூன்று லிட்டர். இரண்டு வாரம் முன்பு சந்தையில் எடுத்தேன். காந்தம் வைத்துப் பார்க்கவில்லை, தட்டிப் பார்க்கவில்லை, பேரம் பேசவில்லை. விற்றவனே ஆச்சரியப்பட்டிருப்பான். கைப்பிடிக்குக் கீழே பேர் வெட்டியிருக்கிறது, 2013 என்று வருடமும் இருக்கிறது. "அன்புடண் அப்பா அம்மா" என்று, மூணு சுழி ண போட்டு. கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா அந்தப் பாத்திரக் கடைக்காரரிடம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? நீதான், "இருக்கட்டும்மா, உலகத்திலேயே இது ஒண்ணுதான் இப்படி இருக்கும்" என்று சமாதானம் செய்தாய். நீ சொன்னது சரிதான்.

அது எப்படி அங்கே வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது என் கம்பெனியில் எட்டு மாதம் கதவடைப்பு. உங்களுக்கு ஓவர்டைம் இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தேன். தினமும் காலையில் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்பிக் கம்பெனி வாசலில் உட்கார்ந்துவிட்டு வருவேன். அம்மாவின் பாட்டி கொடுத்த பித்தளை அண்டா இருந்ததே, அதை ஈயம் பூசக் கொடுக்கிறேன் என்று சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்த் தாம்பரத்தில் எடைக்குப் போட்டேன். உன் ஸ்கூல் பீஸும் ஒரு மாத அரிசியும் அதில்தான் வந்தன. வீட்டில் கேட்டபோது, பூசுகிற தாத்தா அண்டாவோடு ஓடிவிட்டார் என்று சொல்லிவிட்டேன்.

அந்த மனிதர் எங்கேயும் ஓடவில்லை. மாதம் ஒரு தடவை நம் தெருவுக்குத் துருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டுதான் இருந்தார். நீ ஜன்னல் வழியாகப் பார்த்து "அப்பா, அண்டாத் திருடன் வந்திருக்கான்" என்று கத்தினாய். தெருவில் மற்ற வீட்டுக்காரர்கள் காதிலும் விழுந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் உள்ளே போய் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவருக்கு நம் தெருவில் வேலை கிடைக்கவில்லை, வருவதையும் நிறுத்திவிட்டார். எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூட நான் தேடவில்லை. உன்னைப் பொய் சொல்லக் கூடாது என்று அடித்திருக்கிறேன், பாப்பா.

அம்மாவுக்குத் தெரியாது என்று பத்தொன்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி ராத்திரி, அடையாறு பெருகி வந்து தெரு முழுக்க ஆறாக ஓடுகிறது, குடிக்க ஒரு சொட்டு இல்லை. மொட்டை மாடியில் குக்கர், டபரா, சின்னவனுக்கென்று அம்மா முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த வாளி, எல்லாவற்றையும் மழைக்கு வைத்திருந்தோம். அம்மா என்னைப் பார்க்காமலே, "அந்த அண்டா இருந்தா ரெண்டு நாளைக்குத் தாங்கும்" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். "கடை வாசல்ல ரொம்ப நாள் தொங்கிட்டிருந்துச்சு. மார்க்கெட் போறப்பல்லாம் பார்ப்பேன். அப்புறம் ஒருநாள் காணோம்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவள் கடையில் பார்த்த முதல் நாளே வந்து கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். கேட்காததால் எட்டு மாதமும் தனியாக அந்த டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எது நல்லது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அதனால்தான் இப்படி ஒரு பெட்டியில் வைத்து அனுப்புகிறேன்.

வெள்ளத்தின்போது ஏடிஎம்மில் பணம் வராது, கார்டும் போனும் செல்லாது. 2015-இல் ஒரு பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்றது. அதனால் ஒவ்வொருவர் வீட்டிலும் கொஞ்சம் ரொக்கம் சில்லறை நோட்டாக இருக்க வேண்டும். தூக்குக்குள் 100, 200 நோட்டாகக் கட்டி வைத்திருக்கிறேன். இது வெள்ளத்துக்கு வைத்த பணம். வெள்ளம் வராவிட்டாலும் செலவழி. கணக்கு வேண்டாம், திருப்பித் தர வேண்டாம், மாப்பிள்ளையிடம் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நீயே ஒன்றை யோசித்துக்கொள். இங்கே மாடி ரூம் சும்மாதான் கிடக்கிறது, வெள்ளையடித்திருக்கிறேன். சின்னவன் ஸ்கூலுக்கு இங்கிருந்து போக ஒரு வேன் உண்டு, விசாரித்துவிட்டேன். சும்மா சொல்கிறேன், மழைக்காலத்துக்கு மட்டும் என்றாலும் சரி.

தூக்கைப் பற்றி அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பெட்டி கட்டும்போது அதைச் சுற்ற அவளுடைய பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துக் கொடுத்தாள். என்ன சுற்றப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: டார்ச்சில் செல்லைப் போட்டு வைக்காதே. தனியாக ரப்பர் பேண்ட் போட்டு வை. பெட்டி காலியானதும் தம்பியிடமே கொடுத்தனுப்பு, நல்ல தகரப் பெட்டி.