வெள்ளை ஹெல்மெட் போட்டுப் படம் எடுத்தவனின் நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிற என்னை, அடுத்த வாரம் துவாஸ் பக்கம் வேறு தங்குவிடுதிக்கு மாற்றுகிறார்கள். நேரில் பார்த்துச் சொல்ல ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம், அதிலும் பாதி நாள் ஓட்டி, அதாவது கூடுதல் நேர வேலை. அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

நான் புதுக்கோட்டைப் பக்கம். சிவில் படித்துவிட்டு, சாதாரணத் தொழிலாளிக்கான வொர்க் பெர்மிட்டில் கம்பி கட்ட வந்தவன். வீட்டில் சொன்னது 'இன்ஜினியர்' என்று. சூப்பர்வைசர் அங்கிளின் வெள்ளை ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, என் மஞ்சள் ஹெல்மெட்டைச் சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். ஒரு வருஷத்தில் எஸ் பாஸ் (பெர்மிட்டுக்கு மேல்படி வேலை அனுமதி), அடுத்த வருஷம் தங்கச்சி கல்யாணம், அதற்கடுத்து சொந்தமாக சப் கான்ட்ராக்ட் என்று நோட்டில் தேதி போட்டே எழுதி வைத்திருந்தேன்.

அந்த அவசரம்தான் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், ஒரு ஆளிடம் கொண்டுபோய் விட்டது. டிராஃப்ட்ஸ்மேன் வேலை, எஸ் பாஸ், கம்பெனி தயார் என்றார். 2,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்டார். கையில் 700 இருந்தது, மீதி 1,800ஐ வேறு விடுதியில் ஒருவரிடம் வட்டிக்கு வாங்கினேன். கேம்பல் லேனில் ஓரமாக நின்று ஐம்பது வெள்ளித் தாளாக ஐம்பது தாள் எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "நம்ம ஊர்க்காரன்கிட்டயே ரசீதா?" என்று முகம் சுளித்தார். நான்தான் மன்னிப்புக் கேட்டேன். மூன்றாவது வாரம் அவர் போன் அணைந்துபோனது.

டன்லப் தெரு சாப்பாட்டுக் கடை அக்கா, உங்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று ஞாயிறு வெறும் டீ குடித்துவிட்டுக் கிளம்பியதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டீர்கள். நாலாவது ஞாயிறு கேட்காமலே நாலு இட்லி வைத்து, "தின்னுட்டு அழு" என்றீர்கள். தெரிந்த தொண்டூழியர் ஒருவருக்குப் போன் போட்டதும் நீங்கள்தான்.

அந்தத் தொண்டூழியர் அம்மா சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். திட்டவே இல்லை, அதுதான் வலித்தது. எஸ் பாஸுக்கு விண்ணப்பிப்பது முதலாளி, இல்லாவிட்டால் அவர் அமர்த்தும் உரிமம் பெற்ற முகவர். தெருவில் நிற்கிறவர் வாங்கித் தரும் பொருள் அல்ல அது. முகவரின் உரிமத்தை மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். முகவர் ஊழியரிடம் வாங்கும் கட்டணத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் உச்சவரம்பு. எல்லாவற்றையும் என் போனிலேயே காட்டினார். பத்து நிமிஷ வேலை. போலீஸ் புகார் எழுதும்போதும் கூட உட்கார்ந்திருந்தார். பணம் இன்னும் வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை.

வட்டிக்காரர் விடுதி வாசலுக்கே வந்த அன்று அறையில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்தது. எங்கள் அறையில் 12 பேர், ஆளுக்கு 150 வெள்ளி சீட்டு. அந்த மாதம் மன்னார்குடி அண்ணன் முறை. பாப்பா காதுகுத்துக்கென்று வைத்திருந்த 1,800ஐ அப்படியே என் பக்கம் தள்ளி, "காது எங்கயும் ஓடிப்போகாது, தையில குத்திக்கலாம்" என்றார். மற்ற பத்துப் பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவர் மட்டும் "இனிமே தேக்காவுக்குத் தனியா போகாதே" என்றார். சரிதான்.

சூப்பர்வைசர் அங்கிளுக்குத் தமிழ் தெரியாது, இதை யாராவது படித்துச் சொல்லுங்கள். ஹெல்மெட் விஷயம் அவருக்கு முன்பே தெரியுமாம். ஒருநாள் வரைபடத்தை விரித்து 'எச்16-200' என்பதைக் காட்டி என்னவென்று கேட்டார். நாலு வருஷம் படித்தவன் முழித்தேன். பிளைவுட் மேல் சாக்பீஸால் கோடு போட்டு, மலாயில் சாத்து, துவா (ஒன்று, இரண்டு) என்று எண்ணிக் காட்டினார்: 16 மில்லிமீட்டர் கம்பி, 200 மில்லிமீட்டருக்கு ஒன்று. அதன்பிறகு தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிஷம். இப்போது இரண்டாம் மாடி ஸ்லாபின் கம்பியை நான்தான் சரிபார்க்கிறேன். ஹெல்மெட் இன்னும் மஞ்சள்தான். போன வாரம் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை, பிறகு "சாப்பிட்டியா" என்றார். படத்தைக் கழற்றினாரா என்று கேட்கவில்லை.

லாரியில் நான் தூங்கி விழாமல் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு வந்த பங்களாதேஷ் தம்பிக்கும் நன்றி.

அண்ணே, கடைசியாக உங்களுக்கு. முஸ்தபா கடையில் பாப்பாவுக்கு இரண்டு கிராமில் தோடு வாங்கிவிட்டேன். ஊருக்குப் போகும்போது பெட்டியில் இடம் இல்லை என்று சொல்லக்கூடாது. ரசீதும் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது.