காசியில் ஒரு பொங்கல் சாப்பாடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பொங்கலன்று நீ போனில் “பால் பொங்குச்சாப்பா, என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டாய். பக்கத்தில் கோயில் மணியும் படகுக்காரர்கள் கூப்பாடுமாக இருந்ததால் “எல்லாம் ஆச்சும்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் பேசும்போதெல்லாம் பேரனின் பள்ளிக்கூடம், உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் என்று பேச்சு எங்கோ போய்விடுகிறது. எழுதினால்தான் முழுதாகச் சொல்ல முடியும். அதோடு, தீபாவளிக்கு நீங்கள் புனேயிலிருந்து கோவா போகப் போகிறீர்களாம், “நல்ல நாளில் பிள்ளைகள் ஹோட்டல் சாப்பாடா சாப்பிடும்?” என்று உன் மாமியார் வருத்தப்படுகிறார்களாம். மாப்பிள்ளை சொன்னார். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

பொங்கல் வாரத்தில் காசிக்குப் போக வேண்டும் என்று நாங்கள் ஆசைப்படவில்லை. ரயில் டிக்கெட் அப்போதுதான் கிடைத்தது. தெருவில் எல்லாரும் “நல்ல நாளும் அதுவுமா வீட்டைப் பூட்டிட்டுப் போறீகளே” என்றார்கள். உங்கம்மாவுக்கும் மனசு சரியில்லை. வாசலில் அடுப்புக்கட்டி போட்டு, பனையோலை எரித்து, மஞ்சள் குலை கட்டின பானையில் பொங்கல் விட்டே பழகினவள். சிறுகிழங்கும் பனங்கிழங்கும் இல்லாமல் அது என்ன பொங்கல் என்று நெல்லையில் ரயில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏறின பிறகு கோரிக்கை சுருங்கிவிட்டது. “எனக்கு ஒண்ணும் விருந்து வேண்டாம். ஒரு சோறு, தொட்டுக்க ஒண்ணு. ஆனா அது பண்டிகைச் சோறா இருக்கணும்.” கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? வெளியூரில் இதைவிடக் கஷ்டமான கோரிக்கை கிடையாது.

நாங்கள் தங்கின விடுதியில் முந்தின நாளே ஒரு அட்டை தொங்கவிட்டார்கள், மகர சங்கராந்தி ஸ்பெஷல் என்று. வாசித்துப் பார்த்தேன். பன்னீர் மசாலா, கோஃப்தா, நூடுல்ஸ், நான், ரசமலாய். சங்கராந்திக்கும் நூடுல்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கவுண்டரில் இருந்த பையனிடம் கேட்டேன். அவன் சிரித்தான், அவனுக்கும் தெரியவில்லை. எனக்குத் தோன்றியது இதுதான்: பண்டிகை பேரைச் சொல்லிக் காசு வாங்க வேண்டுமென்றால் பன்னீர் போட்டுத்தான் ஆக வேண்டும். வெறும் சோற்றுக்கும் பருப்புக்கும் யார் அந்த விலை கொடுப்பார்கள்?

நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் கோதௌலியா பக்கம் இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக நம் ஊர்க்காரர்களுக்கு அதுதான் காசியில் தாய்வீடு. அங்கே போனால் ரசம் சோறு நிச்சயம். அதை நாங்கள் கடைசித் துணையாக மனசில் வைத்துக்கொண்டோம்.

பொங்கலன்று விடியற்காலம் கேதார் கட்டத்துக்குப் போனோம், கங்கைக் கரைப் படித்துறை அது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகள். அப்படியே நம் ஊர்க் கோயில் மதில். அதற்குக் காரணமும் உண்டு. நம் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் காசிக்குப் போய் நிறுவின மடம் அங்கேதான் இருக்கிறது. கேதாரேசுவரர் கோயில் இன்றைக்கும் அந்த மடத்தின் பொறுப்பு. கொஞ்சம் தள்ளி அனுமான் கட்டத்தில்தான் நம் எட்டயபுரத்துப் பாரதியார் 1898இலிருந்து சில வருஷம் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். தாமிரபரணிப் பக்கத்து ஆட்களுக்கு அந்த ஊர் அவ்வளவு அந்நியம் இல்லை.

சூரியனைத்தான் காணவில்லை. எதிர்க்கரையே தெரியாத பனி. உங்கம்மா கிழக்கு எது என்று படகுக்காரரிடம் கேட்டு ஒரு கும்பிடு போட்டாள். பையில் நம் வீட்டுச் சின்ன வெண்கலப் பானையும் ஒரு பிடி பச்சரிசியும் கொண்டுவந்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். விடுதி அறையில் அடுப்பு மூட்டக்கூடாது. படிக்கட்டு மேலே சந்து முனையில் ஒரு டீக்கடை, கரி அடுப்பு. நேராகப் போய் அந்த மனிதரிடம் பானையைக் காட்டினாள். நான் நாக்பூரில் வேலை பார்த்த காலத்து ஹிந்தியை வைத்துக்கொண்டு, எங்கள் ஊரில் இன்று பால் பொங்க வேண்டும் என்று சொன்னேன். அவர் தாராளமாக அடுப்பை ஒதுக்கிவிட்டார். பால் மேலே ஏறினதும் வழிந்துவிடப் போகிறதே என்று பாய்ந்து எடுக்க வந்தாரே, பார்க்கணும் நீ! உங்கம்மா அவர் கையைத் தடுத்து, பால் அடுப்பில் வழியும்வரை விடவில்லை. மூன்று தடவை “பொங்கலோ பொங்கல்” வேறு. கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆக, பால் பொங்கியது. போனில் நான் சொன்னது பொய் இல்லை.

அந்தப் பானையில் நாலு வாய்ச் சோறுதான் வெந்தது. வயிற்றுக்கு? நான் டீக்கடைக்காரரிடம் கேட்டேன்: “உங்கள் ஊரில் இன்றைக்கு என்ன சாப்பிடுவீர்கள்? எந்தக் கடையில் கிடைக்கும்?” முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தது: கிச்சடி. நம் ரவை கிச்சடி இல்லை, அரிசியும் உளுந்தும் சேர்த்து ஆக்குவது. அந்தப் பக்கத்தில் சங்கராந்திப் பண்டிகைக்கே கிச்சடி என்றுதான் பெயர். கோரக்பூரில் கோரக்நாதர் கோயிலுக்கு அன்று ஜனங்கள் அரிசியும் பருப்புமாகக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள், கிச்சடி மேளா என்று பெரிய திருவிழாவே நடக்கும். இரண்டாவது கேள்விக்கு அவர் சிரித்தார். “இன்றைக்குக் கிச்சடியைக் கடையில் யார் சாப்பிடுவார்கள் பாபுஜி? எல்லார் வீட்டிலும்தான் இருக்குமே. தரிசனம் முடித்துவிட்டு வாருங்கள், வீட்டுக்குப் போகலாம்.”

கேதாரேசுவரர் கோயிலுக்குள் போனால் இன்னொரு ஆச்சரியம். அந்த லிங்கம் நம் ஊர்க் கோயில்களில் பார்க்கிற மாதிரி உருண்டையாக இல்லை, கரடுமுரடாக, நடுவே ஒரு கோடு ஓடி இரண்டு பாகமாக இருக்கிறது. மாந்தாதா என்ற சிவபக்தர் தினமும் கிச்சடி ஆக்கி, அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இறைவனுக்குப் படைத்துவிட்டு மறு பாதியைச் சாப்பிடுவாராம். வயதாகி முடியாமல் போனபோது இமயத்துக் கேதாரநாதரே இறங்கி வந்து அந்தக் கிச்சடியிலேயே அமர்ந்தார், அது கல்லாகிவிட்டது என்பது கதை. சோறு சாமியான கோயில். அதுவும் கிச்சடிப் பண்டிகை அன்று அங்கே நிற்கிறோம். உங்கம்மா என் முகத்தைப் பார்த்தாள், “சாப்பாட்டுக்குக் கவலைப்பட்டேன்ல” என்கிற மாதிரி.

டீக்கடைக்காரர் வீடு இரண்டு சந்து தள்ளி, மாடியில். அவர் மனைவி முதலில் எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஒரு முறத்தில் பச்சரிசி, தோலோடு கறுப்பு உளுந்து, உப்பு, மஞ்சள், எள்ளுருண்டை, வெல்லம் எல்லாம் வைத்து உங்கம்மாவிடம் நீட்டினார். குளித்துவிட்டு அதைக் கையால் தொட வேண்டும்; தொட்டதைத் தானம் கொடுத்த பிறகுதான் சாப்பாடு. அதைத் தொட்டுவைக்காமல் அந்த வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தட்டு போடவில்லை. வீட்டுப் பெரியவர், டீக்கடைக்காரரின் அப்பா, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் இருந்தபடியே விளக்கம் சொன்னார். சூரியன் இன்று மகரத்துக்குப் போகிறார், மகரம் சனி வீடு, அதனால் சனிக்கு உகந்த உளுந்தும் எள்ளும். எனக்கு இதில் இன்னொரு கணக்கும் தெரிந்தது. அங்கே நெல் நவம்பரில் அறுப்பாகிவிடும், புது அரிசி. உளுந்தும் எள்ளும் மழைக்கால வெள்ளாமை, அதுவும் புதுசு. வெல்லம் அப்போதுதான் காய்ச்சுவது. தை மாதக் குளிரில் உடம்புக்குச் சூடு தருவதும் இவைதான். வயலில் என்ன வந்ததோ அது தட்டில்.

அப்புறம் சாப்பாடு. குழைந்த கிச்சடி, உளுந்துத் தோலால் சாம்பல் நிறம். பச்சைப் பட்டாணி, காலிஃபிளவர், உருளைக்கிழங்கு, நிறைய இஞ்சி. நெய்யில் சீரகமும் பெருங்காயமும் தாளித்திருந்தார்கள். முதல் வாய் வைத்ததும் நானும் உங்கம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நம் வீட்டு உளுந்தஞ்சோறு! பூண்டும் தேங்காயும் வெந்தயமும் இல்லை, அவ்வளவுதான். நாம் எள்ளுத் துவையலை உளுந்தஞ்சோற்றுக்கு வைத்துக்கொள்கிற இடத்தில் அவர்கள் கடைசியில் எள்ளுருண்டை கொடுத்தார்கள். கிச்சடிக்கு நாலு கூட்டாளிகள் என்று அந்த ஊரில் ஒரு சொலவடை உண்டாம்: தயிர், அப்பளம், நெய், ஊறுகாய். நாலும் வந்தது. கரியில் சுட்ட அப்பளம். மண்சட்டித் தயிர். நெய்யைச் சோற்றில் குழி பண்ணி ஊற்றினார்கள், நான் போதும் என்றதை யாரும் காதில் வாங்கவில்லை. ஊறுகாய் மட்டும் கொஞ்சம் சோதனை. தடித்த சிவப்பு மிளகாய்க்குள் மசாலா அடைத்துக் கடுகெண்ணெயில் போட்டது. உங்கம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். ஆனாலும் விடாமல் ஒன்றைத் தின்று முடித்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாவின் அண்ணன் ஊரிலிருந்து மூட்டையோடு வந்தார். அவல், பொரி உருண்டை, எள்ளுருண்டை, ஒரு சேலை. கலியாணம் ஆன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சங்கராந்திக்கு இப்படி வருவதும் அங்கே வழக்கம். அதற்கும் பெயர் கிச்சடிதான். நம் பொங்கப்படி! அந்த அம்மா மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, “நாம பாப்பாவுக்கு இந்த வருஷம் ரூபாயாத்தானே போட்டுவிட்டோம்” என்றாள். அதனால்தான் போன வாரம் உனக்கு அந்தப் பெரிய பார்சல் வந்தது. காலம் தப்பின பொங்கப்படி என்று நீ சிரித்ததாக மாப்பிள்ளை சொன்னார். பனங்கிழங்கு வாடியிருந்தால் அவித்துக் காயவைத்து இடித்துக்கொள்.

இடையில் ஒன்று. மலாய்யோ என்று பாலைப் பனியில் வைத்துக் கடைந்து, குங்குமப்பூ போட்ட நுரை, மண்கிண்ணத்தில் விற்பார்கள். குளிர்காலத்தில் காலை நேரம் மட்டும். அதற்காகவே இன்னொரு தடவை ஜனவரியில் போகலாம்.

காசியில் ஒரு காயை விட்டுவர வேண்டும் அல்லவா? பிடித்ததைத்தான் விடணும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவரைக்காயை விட்டால் பொங்கலுக்கு என்ன செய்வது, சேனையை விட்டால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டு, கடைசியில் காலிஃபிளவரை விட்டாள். இதெல்லாம் செல்லுமா என்று தெரியாது. விசுவநாதர் பார்த்துக்கொள்வார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். கோவாவில் தீபாவளிக்கு நம் ஊர்ச் சாப்பாட்டைத் தேடாதே. கிடைத்தாலும் அது சாதாரண நாள் இட்லியாகத்தான் இருக்கும். ரிசார்ட் பஃபேயில் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த நூடுல்ஸ் அங்கேயும் காத்திருக்கும். நாக்பூரில் என்னோடு வேலை பார்த்த கோவாக்காரர் ஒருவர் தீபாவளி தோறும் டப்பா நிறைய அவல் கொண்டுவருவார். அவர்களுக்கும் நம்மைப் போல நரக சதுர்த்தசி விடியற்காலம்தான் பண்டிகை. இருட்டோடு நரகாசுரன் பொம்மையை எரித்துவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்து, காரீட் என்கிற கசப்புக் காயைக் காலால் நசுக்கிவிட்டு அவல் சாப்பிடுவார்கள். தேங்காய்ப் பாலும் வெல்லமும் ஊற்றி ஒன்று, தயிரில் ஒன்று, பாலில் ஒன்று, தாளித்து ஒன்று என்று வீட்டுக்கு வீடு பல வகை. அது கடையில் இருக்காது. அதனால் மாப்பிள்ளையிடம் சொல்லி, கடற்கரை ஹோட்டலை விட்டுவிட்டு, குடும்பம் குடியிருந்துகொண்டே மாடியை வாடகைக்கு விடுகிற வீடாகப் பார்க்கச் சொல். பணம் கட்டுமுன், அன்று காலையில் அவர்கள் சாப்பிடுகிற அவலே எங்களுக்கும் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்று கேட்டுவிடுங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாதே, முறுக்கோ அதிரசமோ கொண்டுபோ. உன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. அவல் அவர்களுக்குப் பிடிக்கும், பற்களுக்கும் தொந்தரவு இல்லை.

தீபாவளி லேகியம் அம்மா கிளறித் தருவாளாம். அது அங்கே கிடைக்காது. புனே பக்கம் யாராவது வருகிறார்களா என்று விசாரித்து எழுது. பேரனுக்குக் கால் அளவு என்ன என்றும் எழுது, செருப்பு எடுத்து வைக்கணும்.

அன்புடன்,
அப்பா