தத்துக் குழந்தை சபைக்கு வரும்போது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு தம்பதி குழந்தையைத் தத்தெடுக்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்த மறுவாரமே ஞானஸ்நானத் தேதி, ஹால் பதிவு, எத்தனை பேருக்குப் பிரியாணி என்று இறங்கிவிடும் நல்ல மனசு சிங்கப்பூரில் உள்ள நம் தமிழ்ச் சபைகளுக்கு உண்டு. அந்த மனசு வாழ்க. ஆனால் வரிசை தப்பினால் சங்கடப்படுவது அந்தப் பெற்றோர்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டதாலேயே அது சட்டப்படி அவர்கள் பிள்ளை ஆகிவிடாது. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் 2024 அக்டோபர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. முன்விளக்கக் கூட்டம், தம்பதியின் தகுதி குறித்த மதிப்பீடு, குடும்ப நீதிமன்றத்தில் மனு, விசாரணை என்று போய்க் கடைசியில்தான் தத்தெடுப்பு ஆணை வரும். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். வெளிநாட்டில் பிறந்த குழந்தை என்றால் இங்கே தங்குவதற்கான அனுமதி வேலையும் சேர்ந்துகொள்ளும். ஆணை கிடைத்த பிறகும் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆணை வரும்வரை குழந்தையின் முகம் தெரியும் படத்தைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வாரத் தாளில் பெயரும் வேண்டாம். போட்ட படத்தை அழித்துவிடலாம், இருநூறு கைப்பேசிகளுக்குப் போனதை அழிக்க முடியாது.

ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்தில் திருமுழுக்கு என்பார்கள், ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்தில் ஞானஸ்நானம் என்பார்கள். எந்தச் சொல்லானாலும் அதற்கும் ஆணை வரட்டும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 868ஆம் விதி, பெற்றோரில் ஒருவராவது அல்லது சட்டப்படி அவர்கள் இடத்தில் இருப்பவராவது சம்மதிக்க வேண்டும் என்கிறது. மற்றச் சபைகளும் அதையே பின்பற்றுவது நல்லது என்பது எங்கள் எண்ணம். உயிருக்கு ஆபத்து என்றால் அது வேறு விஷயம். காத்திருக்கும் காலத்தில் வீட்டிலேயே பதினைந்து நிமிட ஸ்தோத்திர ஜெபம் போதும். போதகர், தாத்தா பாட்டி, அவ்வளவுதான்.

பதிவேட்டில் எழுதுவதற்கு முன் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, தத்தெடுத்த பெற்றோரின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். கத்தோலிக்கர்களுக்குப் பெற்றவர்கள் பெயரை எழுதுவது பற்றி 877ஆம் விதியில் தனிப் பிரிவு இருக்கிறது, அதை அருட்தந்தையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இரண்டாவது, குழந்தை ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருக்கிறதா என்று தத்தெடுப்பு ஏஜென்சியிடம் விசாரியுங்கள். ஒருமுறை பெற்றதை மறுபடி கொடுப்பதில்லை; சந்தேகம் தீராவிட்டால் “நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால்” என்று தொடங்கும் முறை உண்டு. மூன்றாவது, ஞானஸ்நானத்தில் குழந்தைக்காகப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப் பெற்றோர். கத்தோலிக்க முறையில் அவர்களுக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிபூசுதல் (விசுவாசத்தில் திடப்படுத்தும் சடங்கு) பெற்றிருக்க வேண்டும். தத்தெடுத்தவர்களே ஞானப் பெற்றோராக நிற்க முடியாது. இன்னொன்று: பதிவேட்டின் ஓரத்தில் பேனாவால் ‘தத்து’ என்று குறித்துவைக்க வேண்டாம். அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்குச் சான்றிதழ் எடுக்கும்போது அது யார் யார் கண்ணிலோ படும்.

இனி வீட்டு உதவி. பிள்ளை பெற்ற தாய்க்கு, தகுதி இருந்தால், பிரசவ விடுப்பு 16 வாரம். தத்தெடுத்த தாய்க்கு, தகுதி இருந்தால், 12 வாரம். பெற்ற உடம்பில்லை என்பதால் பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் தேவையில்லை. ஆனால் இரவில் மூன்று முறை எழுந்திருக்கும் இருவருக்குச் சோறு தேவை. ஒரே ஒருவர் பட்டியல் வைத்துக்கொண்டு, செவ்வாயும் வெள்ளியும் என்று ஐந்து வாரத்துக்கு இருவர் சாப்பாட்டை ஒழுங்குபடுத்தட்டும். திருப்பித் தர வேண்டாத டப்பாவில் கொண்டுபோய், வீட்டு கேட்டில் பையை மாட்டிவிட்டு ஒரு செய்தி அனுப்பினால் போதும். “உள்ளே வந்து ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறோம்” என்றால் அது ஒரு மணி நேரம் ஆகிவிடும். டயப்பர் வாங்குகிறவர்கள் மிகச் சிறிய அளவை அள்ளிக்கொண்டு போகாதீர்கள், சில வாரங்களில் பத்தாமல் போய்விடும். பால்மாவை வாங்குமுன் எந்த வகை என்று கேளுங்கள்.

பால்மா கரைப்பதில்தான் கை உதவுகிறவர்கள் அதிகம் தப்புச் செய்கிறார்கள். கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறிவிடக் கூடாது, ஏனென்றால் மாவு கிருமியற்றதல்ல. கொதித்து அரைமணிக்குள் கலக்க வேண்டும். ஆலய ஹாலில் காலையில் நிரப்பிய ஃபிளாஸ்க் மதியத்துக்குள் அந்தச் சூட்டை இழந்திருக்கும். முதலில் தண்ணீர், பிறகு டப்பாவில் உள்ள கரண்டியால் தலைதட்டி மாவு. ஒரு பிராண்டின் கரண்டி 30 மில்லிக்கு, இன்னொன்றினுடையது 60 மில்லிக்கு என்று இருக்கும், டப்பாவைப் படியுங்கள். குவித்துப் போட்டால் மலச்சிக்கல், நீர் குறைவு. தண்ணீர் கூடினால் குழந்தைக்குச் சத்து போதாது, உடலில் உப்பும் குறையும். கலந்த பால்புட்டியைக் குழாய்த் தண்ணீரில் ஆற்றி, சூட்டை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரம் தாண்டியதையும் குடித்து மீந்ததையும் கொட்டிவிட வேண்டியதுதான். நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் ஒரு வயதுக்கு முன் கூடவே கூடாது.

ஆராதனை முடிந்ததும் குழந்தை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு வரிசை முழுக்கப் பயணம் போவது நம் வழக்கம். தத்துக் குழந்தை ஏற்கெனவே பல கை மாறி வந்தது. ஒரே வாசனை, ஒரே குரல் என்று அது பழகச் சில மாதமாவது வேண்டும். அதுவரை பால் கொடுப்பதும் அழுதால் தூக்குவதும் பெற்றோரே செய்யட்டும். சளி, இருமல் உள்ளவர்கள் தூரத்திலிருந்து கையசைத்தால் போதும், முத்தம் வேண்டாம்.

பேச்சு. “யாரு பெத்தது?”, “எந்த ஊர்ப் பிள்ளை?”, “புண்ணியம் பண்ணிட்டீங்க”, “பாருங்க, இனிமே உங்களுக்கும் ஒண்ணு தங்கும்”. நாலாவதுதான் மிக மோசம், கையில் இருக்கும் பிள்ளையை வெறும் சகுனமாக்கிவிடுகிறது. பொதுஜெபத்தில் ‘கைவிடப்பட்ட குழந்தை’ என்று சொல்லாதீர்கள். பெற்ற தாய்க்காகப் பெயர் சொல்லாமல் ஜெபிக்கலாம். அதற்காகத் தத்து என்பதையே மூடிமறைக்கச் சொல்லவில்லை. பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது என்பதற்காகவே பெற்றோருக்குத் தனி விளக்கக் கூட்டம் இருக்கிறது. ரோமர் 8:15இல் ‘புத்திரசுவிகாரம்’, அதாவது பிள்ளையாகத் தத்தெடுத்தல், என்ற சொல்லே இருக்கிறதே, பிள்ளை அதைப் பிரசங்கத்தில் கேட்டு வளரட்டும்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மோசேயை நாணற்பெட்டியில் வைத்த கதையில் “அம்மா தூக்கிப் போட்டுட்டாங்க” என்று நடித்துக் காட்டாதீர்கள். யாத்திராகமத்தின்படி தாய் பெட்டிக்குக் கீல் (தார்) பூசி நாணலுக்குள் வைத்தாள், அக்காள் தூரத்தில் நின்று காவல் காத்தாள். குடும்ப மரம் வரையும் தாளில் அம்மா, அப்பா என்ற இரண்டு கட்டங்களோடு இரண்டு வெற்றுக் கட்டங்களையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அச்சிட்டுக் கொடுங்கள். அதில் யாரை எழுதுவது என்பதை அந்தந்தப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
சபைப் பராமரிப்புக் குழுவினர் சிலர்
சிங்கப்பூர்